பழையதைக் காட்டு

எங்களிடம் இருந்தது ஒரு பழைய பிரெஞ்சுக் கார். நான் குமாஸ்தாவாக இருந்த ரப்பர் கம்பெனியின் துரை, ஊருக்குக் கப்பலேறும்போது அதை என் தலையில் கட்டிவிட்டுப் போனார். சைகோன் முழுக்க ஜப்பான் மோட்டார் சைக்கிளும் அமெரிக்க ஜீப்பும் ஓடிக்கொண்டிருந்த காலம். அந்தக் காருக்கு ஒரு திருகாணி வாங்கக்கூட நாய் படாத பாடு பட வேண்டும். இருந்தும் அதை நான் கழித்துக்கட்டவில்லை, காரணம் என் மனைவிக்கு மாதம் நிறைந்திருந்தது.

முதல் பிள்ளை வீட்டிலேயே பிறந்து, ஒரு குரல்கூட அழாமல் போய்விட்டது. இந்தத் தடவை ஆஸ்பத்திரியில்தான் என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். ஆனால் வார்டெல்லாம் சண்டையில் காயம்பட்டவர்கள். வலி வந்த பிறகு வந்தால் போதும் என்றும் சொன்னார். அந்த மாதங்களில் ஊரடங்கு இருட்டுவதற்கு முன்பே வந்துவிடும். சங்கு ஊதிவிட்டால் டாக்ஸியும் கிடைக்காது, சிக்லோ ரிக்ஷாவும் கிடைக்காது. பிரசவம் என்றால் சொந்த வண்டியை மட்டும் ராணுவச் சாவடியில் விடுவார்கள். அந்தக் கார் ஓடினால்தான் எங்களுக்குப் பிள்ளை என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆயுத பூஜை அன்று மனைவி வயிற்றைத் தாங்கிக்கொண்டு வந்து, காரின் பானட்டைத் திறக்கச் சொன்னாள்.

"வெளிய பொட்டு வச்சா போதுமாங்க? ஓடறதெல்லாம் உள்ளதான இருக்கு?"

என்ஜினில் கை எட்டிய இடத்திலெல்லாம் சந்தனத்தைக் குழைத்துப் பூசிக் குங்குமம் வைத்தாள். முதல் பிள்ளைக்குப் பிறகு அவளுக்கு எல்லாவற்றிலும் பயம். நானும் தடுக்கவில்லை. மறுநாள் முழுக்க மழை. அதற்கடுத்த நாள் காலை சாவியைத் திருப்பினேன். வண்டி இருமியது, அவ்வளவுதான்.

தெருமுனை மெக்கானிக் வந்து பார்த்துவிட்டு, "டெல்கோ மூடி போச்சு. மேல பொறி ஓடுது பாருங்க. மாத்தணும்" என்றான். என்ஜினின் ஒவ்வொரு பிளக்குக்கும் மின்சாரத்தைப் பங்கிட்டு அனுப்பும் சாதனத்துக்கு அங்கே டெல்கோ என்று பெயர். அதன் மேல் உட்கார்ந்திருக்கும் கறுப்புக் கிண்ணம்தான் மூடி. அதிலிருந்த சந்தனத்தையும் குங்குமத்தையும் பார்த்து, "என்ன, இதுக்குக் கல்யாணமா?" என்று சிரித்தான். எனக்குச் சுருக்கென்றது. அவன் போனதும் மூடியைக் கழற்றினேன். கடைக்காரர்களும் இளிக்கக் கூடாதே என்று பெட்ரோல் போட்டுப் பளபளவென்று துடைத்து, செய்தித்தாளில் சுற்றி எடுத்துக்கொண்டு கிளம்பினேன். மனைவியிடம் துடைத்ததைச் சொல்லவில்லை.

பென் தான் சந்தைப் பக்கம் வண்டிச் சாமான் கடைகள் வரிசையாக இருந்தன. முதல் கடைக்காரன் மூடியைக் கையில்கூட வாங்கவில்லை. "இந்த வண்டி இன்னும் உயிரோட இருக்கா?" என்று கேட்டான். அடுத்தவன் ஒரு மூடியை எடுத்து என் மூடியின் பக்கத்தில் வைத்து, இரண்டும் ஒன்றுதான் என்று சாதித்தான். அவன் மூடியில் கொக்கி மாட்டும் இடமே இல்லை, கண்ணிருக்கிறவனுக்குத் தெரியும். இன்னொருவன் ஹாங்காங்குக்கு எழுதிப் போட்டால் இரண்டு மாதத்தில் வந்துவிடும் என்றான். அவன் சட்டையைப் பிடித்து உலுக்கலாம் போல இருந்தது. வீட்டில் அவளுக்கு இந்நேரம் வலி கண்டிருக்குமோ என்று அடுத்த கடைக்கு ஓடினேன். கடைசியில் ஒருவன்தான் இரக்கப்பட்டுச் சொன்னான்: "சோலோன்ல வாய்க்கா ஓரமா ஒரு சீனக்காரம்மா கட இருக்கு. பழைய பிரெஞ்சு வண்டின்னா அவங்கதான். ஆனா வாய் கொஞ்சம் நீளம்."

சிக்லோவில் அந்தச் சீனர் பேட்டைக்குப் போய் இறங்கும்போது மதியம் தாண்டி மேகம் கறுத்துவிட்டது. அந்தக் கடையின் கூரையிலிருந்து புகைக்குழாய்கள் தொங்கின. தரையில் சிவப்புச் சாயம் அடித்த சின்னச் சாமி மாடம், அதில் ஊதுவத்தி. நான் வண்டியின் வருஷம், மெக்கானிக் சொன்னது எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் ஒப்பித்தேன்.

"கத வேணாம். பழசக் காட்டு" என்றாள் அந்த அம்மாள்.

காட்டினேன். வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள், முகர்ந்து பார்த்தாள்.

"பெட்ரோல்ல தொடச்சிருக்க. எதுக்கு?"

"அழுக்கா இருந்துச்சு."

கொண்டையிலிருந்து ஓர் ஊசியை உருவி, ஒயர் செருகும் குழியில் விட்டுச் சுரண்டினாள். ஊசி முனையில் சிவப்பாக வந்தது.

"இது என்ன அழுக்கு?"

சாமி குங்குமம் என்று மென்று விழுங்கிச் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. தன் மாடத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"சாமி கும்பிட்டது நல்லதுதான். ஆனா இந்த மழையில அது ஈரத்த உறிஞ்சிக்கும். கரண்டு பிளக்குக்குப் போகாம அது மேலயே ஓடிடும். மூடியில ஒரு கீறல்கூட இல்ல. அதச் சுரண்டிக் காய வச்சு மாட்டு, ஓடும்."

"இருப்பு இல்லன்னா இல்லன்னு சொல்லுங்க!" என்று கத்திவிட்டேன். "என் பொண்டாட்டிக்கு எப்ப வேணும்னாலும் வலி வரும்."

அவள் பின்னால் போய் ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து திறந்தாள். உள்ளே புத்தம்புது மூடி. அச்சு அசலாக எங்கள் வண்டி மூடி.

"இருக்கு. ஆனா ஒண்ணுதான் இருக்கு. நெசமா ஒடஞ்சு போயி ஒருத்தன் வருவான், அவனுக்குத்தான். வீட்டுக்குப் போ."

பெட்டியை மூடிவிட்டாள். வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். அவள் சொன்னது தப்பாக இருந்தால் இனிப் போக வேறு கடை இல்லை.

வீட்டுக்கு வந்தபோது தூற்றல் ஆரம்பித்திருந்தது. ஒயர் குழிகளைச் சுரண்டித் துடைத்தேன். என்ஜினில் மற்ற இடங்களில் ஒட்டியிருந்த சந்தனம் குங்குமத்தையும் ஒரு பொட்டு விடாமல் வழித்தெடுத்தேன். சட்டையைக் கழற்றி என்ஜினுக்கு மேலே குடையாகப் பிடித்தபடி மூடியை மாட்டினேன். சாவியைத் திருப்பினேன். இருமியது. இன்னொரு தடவை திருப்பினேன். உறுமிக்கொண்டு கிளம்பிவிட்டது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

சத்தம் கேட்டு மனைவி கதவைப் பிடித்துக்கொண்டு வந்து நின்றாள். உதட்டைக் கடித்திருந்தாள். வலி வந்துவிட்டது. திறந்திருந்த பானட்டுக்குள் அவள் பார்வை போனது.

"குங்குமம் எங்கங்க?"

நான் பானட்டை இறக்கி மூடினேன்.

"அழிச்சிட்டீங்களா? ஏங்க அழிச்சீங்க? நான் இந்த வண்டியில ஏற மாட்டேன்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. அந்த நேரம் பார்த்துச் சங்கு ஊதியது. கரண்டு, ஈரம் என்று விளக்கிக்கொண்டிருக்க நேரமில்லை. விளக்கினாலும் அவள் கேட்கிற நிலையில் இல்லை. உள்ளே ஓடிக் குங்குமச் சிமிழை எடுத்து வந்து நீட்டினேன்.

"ஸ்டியரிங்குல வை. வண்டிய நடத்தறது அதுதான்."

பொட்டாக வைக்கவில்லை அவள். சிமிழைக் கவிழ்த்து வளையம் முழுக்கத் தேய்த்தாள். பிறகுதான் ஏறிப் பின்னால் படுத்தாள்.

மழையில் நனைந்த கை, குங்குமத்தில் வழுக்கியது. சாவடியில் சிப்பாய் டார்ச்சை உள்ளே அடித்தான். வெளிச்சம் என் கைகளில் விழுந்தது. அவன் பின்வாங்கித் துப்பாக்கியை நிமிர்த்தினான்.

"ரத்தம்! யாரு ரத்தம்?"

கையை உயர்த்தினேன். மணிக்கட்டு வரை சிவப்பாக ஒழுகியது. ரத்தம் இல்லை என்று சொல்ல வந்த வார்த்தை எனக்குப் பிரெஞ்சிலும் வரவில்லை, அவன் பாஷையிலும் வரவில்லை. பின்னாலிருந்து மனைவி அலறினாள். டார்ச் அவள் பக்கம் திரும்பி வயிற்றில் நின்றது. சின்ன வயசுக்காரன் அவன். துப்பாக்கியைத் தோளில் போட்டுக்கொண்டு ஓடிப்போய் முள்கம்பியைத் தானே இழுத்து வழிவிட்டான்.

பிரசவ அறைக்கு வெளியே நான் நின்றுகொண்டிருந்தபோது குரல் கேட்டது. கதவைத் திறந்த நர்ஸ் என் கையைப் பார்த்து முகம் சுளித்து, கழுவிவிட்டு வரச் சொன்னாள். சோப்பு போட்டுத் தேய்த்தேன். நகக்கண்ணில் ஏறிய சிவப்பு மட்டும் போகவில்லை. அந்தக் கையோடுதான் என் மகளை வாங்கினேன். அவள் வீல் வீலென்று அழுதுகொண்டிருந்தாள். நர்ஸ் தட்டிக்கொடுத்துச் சமாதானப்படுத்த வந்தாள்.

"வேணாம், அழட்டும்" என்றேன்.