பிளக்ஸ் பாயும் மச்சானின் வள்ளமும்

நெய்யாற்றில் பாய் கட்டி வள்ளம் ஓட்டிய ஒரே ஆள் நான்தான். ஆரியங்கோட்டில் ஏறினால், துடுப்பைத் தொடாமல் பூவார் கடற்கரையில் இறங்குவேன்.

பொய். போனது இருபது அடி. அதுவும் முன்னால் இல்லை, நண்டு மாதிரி பக்கவாட்டில்.

எனக்கு ரப்பர் வெட்டுதான் தொழில். நாலாம் வகுப்பில் பள்ளிக்கூடமும் நானும் பரஸ்பர சம்மதத்தோடு பிரிந்துவிட்டோம். பத்து மணிக்குள் பால் எடுத்து முடித்தால் அப்புறம் சும்மா இருக்க வேண்டும். அது எனக்கு வராது. போனில் ஒரு வெள்ளைக்காரன் தார்ப்பாயும் கம்பும் வைத்துச் சின்னப் படகுக்குப் பாய் கட்டிக்கொண்டிருந்தான். அவன் பேச்சு புரியவில்லை. அதனால் பேசுகிற இடத்தையெல்லாம் தள்ளிவிட்டு, கை வேலை செய்கிற இடத்தை மட்டும் பார்த்தேன். விஷயம் முழுக்க அவன் பேசிய இடத்தில்தான் இருந்திருக்கிறது.

வள்ளம் என்னுடையது இல்லை. என் பெண்டாட்டியின் அண்ணனுடையது. குடலிறக்க ஆபரேஷனுக்காகக் காரக்கோணம் ஆஸ்பத்திரிக்குப் போகும்முன் எங்கள் ஆற்றுக் கடவில் கொண்டுவந்து கட்டினார்.

"மச்சம்பி, ஒரு மாசம் பாத்துக்கோ. வள்ளத்தில ஒரு கீறல் விழுந்தா, பின்ன நான் இஞ்ச வரமாட்டேன், கேட்டியா?"

விளையாட்டுக்குச் சொன்னதல்ல. ஏற்கனவே அவருடைய தண்ணீர் பம்பை நான் நன்றாக்குகிறேன் என்று பிரித்து, திருப்பி மாட்டியபோது நாலு சாமான் மிச்சம் வந்தது. அதற்காக ரெண்டு வருஷம் எங்கள் வீட்டுப் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பெண்டாட்டிக்குக் கூடப்பிறந்தவர் அவர் ஒருத்தர்தான். அவர் போனதும் அவள் என்னிடம் வந்து நின்றாள்.

"இஞ்ச பாருங்க. அண்ணன் இப்பதான் ஒண்ணு மிண்டிப் பேசத் தொடங்கியிருக்கு. வள்ளத்துகிட்ட போவாதிங்க."

"நான் என்ன கொச்சுப் பிள்ளையா?"

"கொச்சுப் பிள்ளைன்னா ஒறங்குற நேரமாவது நிம்மதி உண்டு."

பாய்க்குத் துணி தேடினேன். சர்ச்சில் கன்வென்ஷன் முடிந்தால் சபை கட்டின பிளக்ஸை ஆளுக்கொன்றாகக் கொண்டுபோய் கோழிக்கூட்டுக்கும் விறகுக்கும் மூடுவது எங்கள் ஊர் வழக்கம். எனக்குப் பிரசங்கியார் கிடைத்தார். எட்டடி உயரம், கையை விரித்துச் சிரித்துக்கொண்டிருந்தார். கமுகுத் தடியில் அவரைக் கட்டி வள்ளத்தின் நடுவில் நாட்டினேன்.

காற்று நன்றாக வீசியது. வள்ளம் அசையவில்லை. கரையில் பீடியோடு உட்கார்ந்திருந்த என் கூட்டாளி, அவனும் ரப்பர் வெட்டுகிறவன்தான், இருமி இருமிச் சிரித்தான்.

"மக்கா, பிரசங்கியாருக்கு வாய் வழியா காத்து போவுதுலே!"

பிளக்ஸ் கட்டும்போதே, காற்றில் கிழியாமல் இருக்க, அரைவட்டமாக அங்கங்கே கீறி விடுவார்கள். ஊரில் எல்லோருக்கும் தெரியும். எனக்கும் தெரியும். அந்தக் கீறல் விழுந்த பிளக்ஸைத்தான் காற்றுப் பிடிக்கக் கொண்டுபோனேன்.

விடுவேனா? மழைக்காலத்தில் ரப்பர் மரத்தைச் சுற்றிப் பிளாஸ்டிக் ஒட்டுகிற கறுப்புப் பசை வீட்டில் ஒரு டின் இருந்தது. கீறல் எல்லாவற்றையும் பிளாஸ்டிக் துண்டு வைத்து ஒட்டினேன். பிரசங்கியாருக்கு ரெண்டு பல் போனது, ஒரு மீசை வந்தது.

மறுநாள் உச்சி கழிந்து காற்று வந்தது. பாய் படாரென்று உப்பியது. வள்ளம் நகர்ந்தது! பக்கவாட்டில்தான், ஆனாலும் நகர்ந்தது. நான் எழுந்து நின்று கையை விரித்தேன். பிரசங்கியாரும் விரித்திருந்தார்.

"எலே, இரிலே! தடி ஆடுது!" கூட்டாளி கத்தினான்.

தடியின் அடியை நான் எதிலும் பொருத்தவில்லை. வள்ளத்தின் அடிப்பலகையில் சும்மா நிறுத்தி, மேலே இருக்கைப் பலகையோடு கயிறு போட்டிருந்தேன். காற்று தள்ளத் தள்ள அது உலக்கை மாதிரி இடித்தது. நாலாவது இடியில் பலகை விரிந்து, கால் பக்கம் குளிர்ந்தது.

"வெள்ளம் கேறுதா மக்கா?"

"இல்லலே, நான் மூத்திரம் முள்ளினதாக்கும்!"

அதற்குமேல் பேச வாயில் இடம் இல்லை. வாயிலும் வெள்ளம் வந்துவிட்டது.

ரெண்டுபேருமாக வள்ளத்தை இழுத்துக்கொண்டுவந்து வீட்டின் பின்னால், ரப்பர் மரத்தடியில் கவிழ்த்தோம். அடியில் உள்ளங்கை அகலத்துக்கு ஓட்டை. பெண்டாட்டி வந்து பார்த்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. ஓட்டையின் விளிம்பை விரலால் தடவிக்கொண்டே நின்றாள். பிறகு உள்ளே போய்ப் பசை டின்னை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

"அண்ணன் இனியும் ரெண்டு வருஷம் வராம இருந்தா என்னால தாங்க ஒக்காது," என்றாள். அவ்வளவுதான். அன்றைக்கு நான் ஒரு தமாஷும் சொல்லவில்லை.

பலகைத் துண்டு வைத்து அடைத்து, மேலே பசை பூசினேன். அந்த இடம் மட்டும் கறுப்பாகத் தெரிந்தது. சந்தேகம் வராமல் இருக்க வள்ளம் முழுக்கப் பூசினேன். என் மூளையில் உதித்தது. அந்தப் பசை வெயிலில் உருகும், காயவே காயாது என்று எனக்குத் தெரியாதா? பதினெட்டு வருஷமாக அதில்தான் கை வைக்கிறேன். மறுநாள் பார்த்தால் ரப்பர் இலை முழுக்க ஒட்டியிருக்கிறது. எங்கள் வெள்ளைக்கோழி ஏறி, சிறகடித்து, பாதி உடுப்பை அங்கேயே விட்டுவிட்டு இறங்கியிருக்கிறது. மண்ணெண்ணெய் போட்டுத் துடைக்கலாம் என்று கூட்டாளி சொன்னான். துடைத்தால் ஓட்டை அடைப்பும் போய்விடும். அதனால் நான் என்ன செய்தேன் என்றால், ஒரு பழைய சீலையை எடுத்து...

"மச்சம்பி! ஏய் மச்சம்பி!"

பின்பக்கம் மச்சான் குரல். ஒரு மாதம் இன்றோடு முடிந்ததா?

"இஞ்ச வாலே ஒண்ணு! வள்ளத்துக்கு என்னத்துக்குலே கோழித் தூவல் மொளச்சிருக்கு?"

அடுக்களையில் பாத்திரச் சத்தம் நின்றுவிட்டது. அவள் வாசலில் வந்து என்னைப் பார்க்கிறாள். போகிறேன்.