குளோரினா, ஆக்சிஜனா?

பிளஸ் டூ படித்தபோது, விருதுநகர்க் கல்லூரி ஒன்றில் நடந்த வேதியியல் வினாடி வினாவுக்கு நானும் என் பெஞ்சுத் தோழியும் போனோம். சிவகாசியில் பஸ் ஏறியதிலிருந்தே எங்களுக்குள் சண்டை. சேர்ந்திருக்கும் இரண்டு அணுக்களில், பொதுவாக உள்ள எலக்ட்ரான்களைத் தன் பக்கம் இழுக்கும் வலுவுக்குப் பெயர் எலக்ட்ரான் கவர்தன்மை. அதில் ஃப்ளூரின்தான் முதல். அடுத்தது யார்?

"குளோரின்தாண்டி. தனிம அட்டவணையில ஃப்ளூரினுக்கு நேர் கீழ உக்காந்திருக்குல்ல" என்றேன்.

"கீழ போகப் போக இழுப்பு கொறையும்டி. பக்கத்து வீட்டு ஆக்சிஜன்தான்" என்றாள் அவள்.

ஆமத்தூர் தாண்டியும் ஓயவில்லை. கண்டக்டர் திரும்பிப் பார்த்து, "யாரும்மா அது, அம்புட்டு இழுக்குறது?" என்றார். பஸ்ஸே சிரித்தது.

ஒவ்வொரு சுற்றாகத் தாண்டி, எப்படியோ கடைசிச் சுற்றுக்கு மேடையேறிவிட்டோம். பேராசிரியர் கேட்டார்: "ஆக்சிஜன், குளோரின். எதுக்குக் கவர்தன்மை அதிகம்? காரணமும் சொல்லணும்."

என் விரல் என்னைக் கேட்காமலே மணியை அழுத்திவிட்டது. மைக்கும் என் கையில்தான். "குளோ..." என்று வாயெடுத்தேன். அவள் என் தொடையில் நறுக்கென்று கிள்ளினாள்.

"தீக்குச்சி மருந்த நெனைச்சுப் பாருடி! குளோரேட்டு!"

சட்டென்று பிடிபட்டது. தீக்குச்சித் தலையில் இருப்பது பொட்டாசியம் குளோரேட். போன வாரம்தான் அதற்கு ஆக்சிஜனேற்ற எண் கணக்குப் போட்டிருந்தோம். ஆக்சிஜனுக்கு மைனஸ், குளோரினுக்கு பிளஸ் ஐந்து. எலக்ட்ரானை இழுத்துக்கொள்வதற்குத்தானே மைனஸ்! எங்கள் ஊரே நாள் முழுக்கக் கையாளுகிற மருந்தில் விடை இருந்திருக்கிறது.

"குளோரேட்டுல குளோரின் தோத்துப் போகுது சார். ஆக்சிஜன்தான் அதிகம்!" மைக் இருப்பதை மறந்து கத்தினேன்.

"சரியான விடை. எந்த ஊரும்மா நீங்க?"

"சிவகாசி சார்!"

அரங்கம் கைதட்டிச் சிரித்தது. அடுத்த கேள்வியில் கோட்டைவிட்டு இரண்டாம் பரிசோடுதான் இறங்கினோம். ஆனால் வருத்தப்பட நேரமில்லை. திரும்பும் பஸ்ஸில் நைட்ரஜனா, குளோரினா என்று அடுத்த சண்டை; நான் மறுபடியும் குளோரின் கட்சி. எங்கள் பாடப்புத்தகம் இரண்டுக்கும் கவர்தன்மை மூன்று என்றே போட்டிருந்தது.

மறுநாள் வேதியியல் டீச்சர் ஆய்வகத்திலிருந்து தடித்த புத்தகம் ஒன்றை எடுத்து வந்தார். மூவரும் தலை முட்டக் குனிந்து தேடினோம். தசமப் புள்ளிக்குப் பின்னால் குளோரின் ஒரு மயிரிழை முன்னே நின்றது.

நான் போட்ட கூச்சலில் பக்கத்து வகுப்பு சார் ஓடிவந்து, "என்ன, எதுவும் வெடிச்சிருச்சா?" என்றார்.