தீபாவளிக்குத் தாங்குகிற பாய்லர்

எடிசன் நகர நண்பர்களே, எங்கள் பேஸ்மென்ட் பாய்லர் உயிரை விட்டுவிட்டது. வீட்டில் ஹீட்டிங்கும் இல்லை, வெந்நீரும் இல்லை.

புதியது விற்க இன்று ஓர் அமெரிக்கர் வந்தார். கேள்வி கேட்பது நான். அவர் பதில் சொல்வது என் கணவரைப் பார்த்து.

"எத்தனை பேர் ஷவர்ல குளிப்பீங்க, சார்?"

"யாருமே இல்ல" என்றேன். மாடிக்குக் கூட்டிப் போய், பாத் டப்புக்குள் இருந்த சிவப்பு வாளியையும் மக்கையும் காட்டினேன்.

"ஷவர் ரிப்பேரா, சார்?"

"ஷவர் நல்லாத்தான் இருக்கு. எங்களுக்கு வாளிதான் பிடிக்கும்."

"அப்போ சின்ன வெந்நீர் டேங்க் போதும், சார்."

"பெருசுதான் வேணும். தீபாவளிக்கு எங்க ஃப்ரெண்ட்ஸ் அத்தனை பேரும் இங்கதான். விடியறதுக்குள்ள எல்லாரும் எண்ணெய் தேச்சுக் குளிக்கணும்."

"வருஷத்துல ஒரே ஒரு நாளுக்கா?"

"கிறிஸ்துமஸும் ஒரு நாள்தான். வீடு முழுக்க லைட் போடறீங்களே, நான் ஏன்னு கேட்டேனா?"

அவர் என் கணவரிடமே திரும்பினார். "நீங்க சொல்லுங்க, சார்."

என் கணவர் தலையைத் தடவிக்கொண்டார். "போன தீபாவளிக்கு வெந்நீர் தீர்ந்துபோய், தலை நிறைய எண்ணெயோட பச்சத்தண்ணில குளிச்சவன் நான். அவ கேக்கறதையே போடுங்க."

பெரிய டேங்க் வருகிறது. யார் யார் தீபாவளிக்கு வருகிறீர்கள்? ஷவரைத் திறக்கிறவர்களுக்கு இட்லி கிடையாது.