சுண்ணாம்பு பூசவும்

பாளையம்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். பழைய கட்டடங்களைப் பாதுகாப்பது பற்றி ஆங்கிலத்தில் வரும் குறிப்புகளை, காசு வாங்காமல் தமிழில் எழுதிக் கொடுப்பேன்.

போன ஆடியில் ஒரு காலை, பந்தல்குடிப் பக்கத்து ஊரில் கோயில் வேலையைக் கவனிக்கும் பெண் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தாள். "அக்கா, நீங்க எழுதின தாளைப் பாத்துத்தான் இன்னைக்கு மண்டபத்துச் சுவருல சுண்ணாம்பு பூசப் போறோம்." கூடவே ஒரு படம். உதிரத் தொடங்கிய சுவரில் காவி நிறத்தில் ஒரு குதிரை ஓவியம்.

ஓவியத்தின் மேலேயா சுண்ணாம்பு என்று சந்தேகம் வந்தது. ஆங்கிலக் குறிப்பைத் திறந்து பார்த்தேன். உதிரும் சுவர் இறுகுவதற்கு, தண்ணீரில் கரைத்த சுண்ணாம்பு அடியில் தங்கியபின் மேலே தெளிந்து நிற்கும் தண்ணீரைத்தான் தெளிக்கச் சொல்லியிருந்தது. நான் 'சுண்ணாம்பு பூசவும்' என்று எழுதியிருந்தேன்.

நான்கு முறை கூப்பிட்டும் அவள் எடுக்கவில்லை. கடையைப் பூட்டிவிட்டு பஸ் ஏறினேன்.

போய்ச் சேர்ந்தபோது கொத்தனார் ஏணியில் நின்றிருந்தார். குதிரையின் பின்னங்கால்கள் வெள்ளைக்குள் போயிருந்தன.

"நிறுத்துங்கண்ணே. அந்தத் தாளை எழுதினவ நான்தான். தப்பா எழுதிட்டேன்."

அவர் பிரஷ்ஷைப் பிடித்தபடியே கேட்டார். "ஈரமாத்தான் இருக்கு. கழுவி விட்டுரவா?"

கழுவினால் ஓவியமும் சேர்ந்து வந்துவிடுமோ என்று பயந்தேன். "எனக்குத் தெரியலண்ணே. கேட்டுச் சொல்றேன், அதுவரைக்கும் தொடாதீக."

ஆங்கிலக் குறிப்பை எழுதியவருக்குப் படம் அனுப்பினேன். யாரும் தொட வேண்டாம், விவரம் தெரிந்தவர் நேரில் வந்து பார்க்கட்டும் என்று பதில் வர ஒரு மணி நேரமானது.

பின்னங்கால்கள் இன்னும் வெள்ளைக்குள்தான் இருக்கின்றன. இப்போது எதை எழுதினாலும் அந்தக் கொத்தனாருக்குப் போனில் வாசித்துக் காட்டி, இதைக் கேட்டு என்ன செய்வீர்கள் என்று கேட்டுவிட்டுத்தான் அனுப்புகிறேன்.