பஸ்ஸில் ஏறிய எண்ணெய்

கல்யாணமான புதிதில் நாங்கள் மலைமேல் ஸ்பிரிங்வெளித் தேயிலைத் தோட்டத்து லயத்தில், வரிசை வீடுகளில் ஒன்றில் குடியிருந்தோம். மலைக்குக் கீழே மொனராகலையில் என் நாத்தனாருக்குக் குழந்தை பிறந்திருந்தது. பிள்ளை பெற்ற உடம்புக்குத் தேய்க்க மாமியார் மருந்தெண்ணெய் காய்ச்சி ஆறவைத்தார். விறைக்கிற காலைக் குளிரில் அதைப் போத்தலில் ஊற்றும் வேலை எனக்கு.

"கழுத்துக்குக் கீழ நிறுத்து. கீழ வெக்கைக்கு எண்ணெ ஏறும்" என்றார் கணவர்.

"எண்ணெ என்ன கொரங்கா, ஏறுறதுக்கு? கொறையாக் கொண்டுபோனா ஒங்க அக்கா என்னயத்தான் சொல்லுவாங்க."

விளிம்புவரை ஊற்றி, தக்கையை அடித்து இறக்கினேன்.

பதுளையில் மொனராகலை பஸ் பிடித்தோம். போத்தலைத் துணியில் சுற்றி, மேல்தட்டில் பைகளுக்கு நடுவே நிறுத்தினேன். முன்சீட்டில் வெள்ளை வேட்டி, கோட்டு, பளபளக்கும் வழுக்கையோடு ஒரு யாழ்ப்பாணத்துப் பெரியவர். பசறை தாண்டி இறங்க இறங்க வெயில் ஏறியது. பஸ் ஒரு குழியில் விழுந்ததுதான் தாமதம், 'டப்'பென்று தக்கை தெறித்தது, போத்தல் சாய்ந்தது. எண்ணெய் நேரே அந்த வழுக்கையில் இறங்கியது.

எனக்கு உயிரே போய்விட்டது. அவர் தலையைத் தடவி, விரலை முகர்ந்து, மெதுவாகத் திரும்பினார்.

"இண்டைக்குச் சனிக்கிழமை. எண்ணெய் வைச்சுத் தோய வேணுமெண்டு மனிசி சொன்னவ, நான்தான் கேக்காமல் வந்திட்டன். சீயாக்காயும் இருக்கோ, பிள்ளை?"

பஸ்ஸே சிரித்தது. கணவர் மட்டும் சன்னலுக்கு வெளியே எதையோ மும்முரமாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் தோள் குலுங்கியது எனக்குத் தெரியாமலில்லை.

பாதிப் போத்தலோடு போய் நின்றதற்கு நாத்தனார் ஒன்றும் சொல்லவில்லை. திரும்பும்போது, அவர்கள் காடு வெட்டிப் பயிரிட்ட சேனையில் விளைந்த எள்ளை ஆட்டிய நல்லெண்ணெயைக் கொதிக்கும் மத்தியானத்தில் கழுத்து நிறைய ஊற்றித் தந்தார்.

ஸ்பிரிங்வெளி வந்து அவிழ்த்தால், எண்ணெய் இரண்டு விரற்கடை இறங்கியிருந்தது. மாமியார் போத்தலைப் பார்த்தார், என் தலையைப் பார்த்தார்.

"வழியில தேச்சுக்கிட்டியா?"

"இல்லீங்க அத்தை! குளிருக்குச் சுருங்கிப்போச்சு."

"குளிருக்கு நாந்தான் சுருங்குறேன். அதுக்காகக் கொறஞ்சா போயிட்டேன்?"

ரோசம் வந்துவிட்டது. தக்கையைக் கழற்றி, போத்தலைச் சுடுதண்ணீர்ச் சட்டியில் நிறுத்தி, அவரை எதிரே உட்காரவைத்தேன். எண்ணெய் கழுத்தில் மெல்ல மெல்ல ஏறியது. மாமியார் என் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். ஒன்றும் ஒளித்து வைத்திருக்கவில்லை. பிறகு வாசலுக்குப் போய், லயத்தில் பக்கத்துக் காம்பரா வீட்டுக்காரிகளை எல்லாம் வேடிக்கை பார்க்கக் கூப்பிட்டுவிட்டார்.

அதற்குப் பிறகு பதுளைக் கடைக்கு எண்ணெய் வாங்க மகனை அனுப்பும்போதெல்லாம் அவர் விடியலிலேயே விரட்டுவார்.

"வெயில் ஏறுமுன்ன போ. நேரமாச்சுன்னா வீங்குன எண்ணெய அளந்து குடுத்துருவான்!"