பெட்டைக்குட்டி வேண்டாமாம்

போன மாதம் புங்குடுதீவு மடத்துவெளியில் ஒரு நாய் என் காற்சட்டைப் பையைக் கிழித்துவிட்டது.

நாயின் மேல் குற்றமில்லை. பைக்குள் கருவாடு இருந்தது.

தலை நரைத்த, ஓரளவு படித்த ஒரு மனிதன் எதற்காகக் காற்சட்டைப் பையில் கருவாட்டோடு தீவு தீவாகத் திரிகிறான்? நியாயமான கேள்வி. வீட்டிலும் அதைத்தான் கேட்டார்கள். கொஞ்சம் வேறு சொற்களில்.

கனடாவில் இருக்கும் என் மச்சானுக்குத் திடீரென்று நம்முடைய ஊர் நாயின் மேல் பாசம் வந்துவிட்டது. செம்மண் நிறம், ஒட்டிய வயிறு, நிமிர்ந்த காது, சுருண்ட வால் — முன்பு தீவுப்பக்கம் எந்தப் படலையைத் திறந்தாலும் குறுக்கே படுத்துக் கிடக்குமே, அந்த நாய். சனமெல்லாம் இடம்பெயர்ந்து ஊர் வெறிச்சோடிக் கிடந்த காலத்திலும் இங்கேயே நின்றது அதுதான். இப்போது? வீட்டுக்கு வீடு அல்சேஷன், பொமரேனியன், அல்லது இரண்டும் கலந்து இரண்டுமாக இல்லாத ஏதோ ஒன்று.

"அழியுதடா மச்சான்! காப்பாத்த வேணும்!" என்றான். அன்றைக்கே வட்ஸ்அப்பில் ஒரு குழு. எனக்குக் 'கள இணைப்பாளர்' என்று ஒரு பதவி. குழுவில் களத்தில் இருக்கிற ஆள் நான் ஒருவன்தான் என்பதால் போட்டி இருக்கவில்லை.

மச்சான் வீட்டில் நிற்பது லாப்ரடோர். பெயர் செங்கதிர். இங்கே நம்முடைய ஊர் நாய்களெல்லாம் ஜிம்மி, டைகர், ரோசி... தூய தமிழ்ப் பெயர் வேண்டுமென்றால் நாய் கனடாவில் பிறக்க வேண்டும் போலிருக்கிறது. போகட்டும்.

"அசல் நாய் எண்டு எப்பிடியடா கண்டுபிடிக்கிறது?" என்று கேட்டேன்.

"எங்கட அப்பாவின்ர நாய் முற்றத்திலை காயிற கருவாட்டுக்குக் காவல் கிடக்கும். ஒரு காகம் கிட்ட வரேலாது. ஆனா தான் ஒரு துண்டு தொடாது. அதுதான் அசல்! நீ கருவாட்டைக் காட்டிப் பார். தின்னாட்டில் அசல்."

விஞ்ஞானம் இவ்வளவு லேசாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

புங்குடுதீவு நாய்கள் தின்றன. படகேறி அனலைதீவுக்குப் போனேன். அங்கேயும் தின்றன. பையையும் சேர்த்துத் தின்றது மடத்துவெளி நாய் மட்டும்தான். திரும்பி வந்து இறங்கியபோது ஸ்கூட்டிக்குப் பின்னால் ஒரு ஊர்வலமே வந்தது. தேர்தலில் நிற்கிறவர்களுக்குக்கூட இந்தக் கூட்டம் சேராது.

கடைசியில் சுருவில் கிராமத்தில்தான் ரோசியைக் கண்டேன்.

திரேசக்காவின் நாய். அக்காவின் கணவர் கடலுக்குப் போகிறவர். அக்கா முற்றத்தில் பாய் விரித்து மீன் காயப் போட்டிருந்தார். பாய்க்குப் பக்கத்தில் செம்மண் நிறத்தில் ஒரு நாய். நான் என் கருவாட்டை நீட்டினேன். ரோசி மணந்து பார்த்தது. பிறகு முகத்தை மறுபக்கம் திருப்பிக்கொண்டது.

எனக்குக் கண் கலங்கிவிட்டது. "அக்கா! அசல் நாய்!"

"எங்கை வாங்கினனீர் உந்தக் கருவாட்டை?" என்றார் திரேசக்கா. "உப்புக் காணாது. மணக்குது. நாயும் தின்னாததை என்னத்துக்குத் தம்பி பொக்கற்றுக்கை வைச்சுக்கொண்டு திரியுறீர்?"

ஆனால் அவருடைய பாயில் கிடந்த நல்ல மீனையும் ரோசி தொடவில்லை. காகம் இறங்கும்போது மட்டும் எழும்பியது. அதோடு ரோசி பெட்டை. போதாததற்குப் பால் மறந்த நாலு குட்டிகள். ஒன்று ஆண், மூன்று பெட்டை. இனத்தைக் காப்பாற்ற இதற்கு மேல் என்ன வேண்டும்? குழுவுக்குப் படம் அனுப்பக் கைபேசியை எடுத்தேன்.

"படம் எடுக்கிறதெண்டால் வடிவாய் எடும்," என்றார் அக்கா. "சனிக்கிழமை மிருக வைத்தியரின்ர நாய் வான் வருது. ரோசிக்குக் கருத்தடை ஒப்பரேசன்."

"ஐயோ அக்கா! இது கடைசிப் பெட்டையாயும் இருக்கலாம். இதுக்குப் போய் ஒப்பரேசன் செய்தால் இந்த இனமே..."

"தம்பி, இரும்." அக்கா மீனைப் புரட்டிக்கொண்டே சொன்னார். "ஒவ்வொரு முறையும் இது குட்டி போட, ஆண் குட்டியை ஆராவது கொண்டு போயிடுவினம். பெட்டையை ஒருத்தரும் எடுக்க மாட்டினம். பையிலை போட்டு மீன் சந்தையடிக்குக் கொண்டுபோய் விடுறது ஆர்? இவர் கடலுக்குப் போயிடுவார். நான்தான். பையை அவிட்டு விட்டிட்டுத் திரும்பிப் பாக்காமல் வரவேணும். வீட்டை வந்தால் ரோசி வந்து அந்த வெறும் பையை மணந்து பாக்கும். எனக்கு இனி ஏலாது. நீர் இனத்தைக் காப்பாத்தும். முதல்லை என்னை விடும்."

நம்முடைய ஊர் நாய் ஏன் அழிகிறது என்று குழுவில் நீளநீளமாக எழுதியிருந்தார்கள். வெளிநாட்டு நாய்மோகம், கலப்பு, காலநிலை மாற்றம்... ஒருவர்கூட இந்தப் பையைப் பற்றி எழுதவில்லை.

"நான் மூண்டுக்கும் வீடு பிடிச்சுத் தந்தால்?" என்றேன். வாய் எப்போதும் எனக்கு முன்னால் ஓடுகிற சாமான்.

"சனிக்கிழமைக்கு முன்னம் பிடிச்சுத் தாரும். வானை நான் திருப்பி அனுப்பிவிடுறன்," என்றார் அக்கா. சிரிக்கவில்லை.

படங்களைக் குழுவில் போட்டேன். இதயம் இதயமாக வந்து குவிந்தது. ஊரில் உள்ள தம்பிக்கு, மாமாவுக்கு என்று ஆண் குட்டிக்கு அடிபிடி. பெட்டைகளுக்கு? நானே ஊரில் உள்ளவர்களை ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டேன்.

"பெட்டையோ? வேண்டாமண்ணை. பிறகு ஊரிலை உள்ள கடுவனெல்லாம் வந்து என்ர படலையடியிலைதான் நிக்கும்."

"நாயெண்டால் விருப்பம்தான் அண்ணை. ஆனா பெட்டையெண்டால் கரைச்சல்."

"அந்த ஆண் குட்டியை இன்னும் ஆரும் கேக்கேல்லையோ?"

மச்சானைப் பிடித்தேன். அவனுடைய வீடும் காணியும் வேலணையில் பூட்டிக் கிடக்கின்றன. பார்த்துக்கொள்ள ஆளும் இருக்கிறது. "உன்ர வளவுக்கை ஒரு பெட்டையை விடுவமே?"

"வீடு பாக்கிற அந்தாள் இதுக்கு ஒத்துவராதடா. குட்டி போட்டால் ஆர் பாக்கிறது? நீ முதல்லை ஆண் குட்டியைப் பாதுகா. மிச்சத்தைப் பிறகு பாப்பம்."

"ஆணை மட்டும் வைச்சுக்கொண்டு எப்பிடியடா இனத்தைக் காக்கிறது?"

"குழுவிலை கதைப்பம்," என்றான்.

எனக்கு அலுத்துவிட்டது. நாய் இருக்க வேண்டும், குட்டி போடுகிற நாய் மட்டும் வேண்டாம். போடுவதென்றால் பக்கத்து வீட்டில் போடட்டும், நாங்கள் இதயம் போடுகிறோம்... நாய்க்கு மட்டுமா இது? நம்முடைய பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளைகள் வேண்டும் என்று கையெழுத்து வாங்குகிறவர்கள் எல்லாரும் தங்கள் பிள்ளைகளை யாழ்ப்பாண ரவுணுக்குத்தானே அனுப்புகிறார்கள்?

எஞ்சியிருந்தது ஒரே ஒரு வீடு.

"என்னப்பா, பெட்டையோ?" என்றாள் மனைவி.

"ஓம்."

"குட்டி போட்டால்?"

"குழுவிலை கதைப்பம்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத ஏலாது. ஆனால் போய்ப் பழைய சாப்பாட்டுக் கோப்பை ஒன்றைத் தேடி எடுத்து வைத்தாள்.

சனிக்கிழமை சுருவிலுக்குப் போனேன். வான் ஏற்கெனவே வந்து நின்றது.

"எத்தினை வீடு?" என்றார் திரேசக்கா.

"ஒண்டு."

"ஆர்ர?"

"என்ர."

அக்கா ரோசியின் கழுத்தில் கட்டிய கயிற்றை என் கையில் தந்தார். "பிடியும். நான் பிடிச்சால் இது என்ர முகத்தைப் பாக்கும்."

ரோசி அதுவரை கயிறு கண்டதில்லை. ஒரு இழுப்பு இழுத்தது. பிறகு என் கிழிந்த பையை மணந்து பார்த்தது. அந்த உப்புக் காணாத கருவாட்டு வாசம் இன்னும் போகவில்லைபோல. பேசாமல் கூட வந்தது. அழியும் இனத்தைக் காக்கப் புறப்பட்ட கள இணைப்பாளர் கடைசியில் அந்த இனத்தின் பெட்டையைத் தானே நடத்திக்கொண்டுபோய் வானில் ஏற்றினார். குழுவுக்கு இந்தப் படத்தை அனுப்பவில்லை.

ஒப்பரேசன் முடிந்தது. அடையாளத்துக்குக் காது நுனி வெட்டிய ரோசியை முற்றத்தில் சாக்கில் கிடத்தினோம். மயக்கம் தெளியவில்லை. ஆண் குட்டியைக் குழுவில் ஒருவரின் தம்பி காரில் வந்து கொண்டுபோனார். நான் என் பெட்டையைத் தூக்கினேன். மிச்சம் இரண்டும் தாயின் வயிற்றில் சுற்றிய துணிக்கட்டை மணந்துகொண்டு நின்றன. அக்காவின் கையில் வெறும் பை ஒன்று இருந்தது.

"சந்தையடிக்கோ அக்கா?" என்றேன்.

அக்கா ரோசியைப் பார்த்தார். குட்டிகளைப் பார்த்தார்.

"இது எழும்பேக்கை ஒண்டும் இல்லாட்டில் என்ன நினைக்கும்?" என்றார். பிறகு பையை மடித்து ரோசியின் தலைக்குக் கீழே வைத்தார். "தாய் இனிப் போடாதுதானே. இதுகள் ரண்டும் நிக்கட்டும். வளந்தால் பிறகு பாப்பம்."

யோசித்துப் பாருங்கள். வான் வந்தால் இனம் முடிந்தது என்று நான் தலையில் அடித்துக்கொண்டேன். ரோசியின் பெட்டைக்குட்டிகள் அந்த முற்றத்தில் நிலைத்தது வான் வந்த பிறகுதான். நான் பிடித்த வீடுகளால் அல்ல, குழுவின் இதயங்களால் அல்ல. வளர்ந்த பிறகு அவற்றையும் வான் கொண்டுபோகலாம். அது அக்காவின் முடிவு. என் பெட்டையைப் பற்றி யாரும் இன்னும் முடிவெடுக்கவில்லை. முடிவு மனைவியின் கையில்.

நேற்று அந்தக் குட்டிக்கும் பரீட்சை வைத்தேன். திரேசக்கா தந்துவிட்ட நல்ல கருவாடு. முழுதாகத் தின்றுவிட்டு என் கையையும் நக்கியது. மச்சானுக்கு இன்னும் அறிவிக்கவில்லை.

ஆண் குட்டி கேட்டுக் கூப்பிடுகிறவர்களுக்கு என் போன் இனி வேலை செய்யாது. பெட்டைக்கு எப்போது கூப்பிட்டாலும் லைன் ஃப்ரீதான்.