துவக்குக்காரரின் பெயர்

எங்கள் நானாவின், அதாவது அண்ணனின், இரட்டைக் குழல் துவக்கு கண்டி அரசாங்கக் கச்சேரியிலேயே தங்கிப்போனதற்கு நான்தான் காரணம். 1934ஆம் வருஷத்து என் நாட்குறிப்பில் ஜூன் மாதப் பக்கங்களில் வேறு விஷயமே இல்லை. வீட்டில் இந்தக் கதையை ஆளுக்கொரு விதமாகச் சொல்வதால் நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

அலவத்துகொடையில் எங்கள் வயலுக்குக் காட்டுப்பன்றி வரும். அதற்காகவே நானா அனுமதிப்பத்திரம் எடுத்துத் துவக்கு வைத்திருந்தார். சுட்ட பன்றியை நாங்கள் தொடுவதில்லை. ஊர்த் தலைவரான ஆராச்சியார் வீட்டு ஆட்கள் தூக்கிப்போவார்கள். மலாயாவில் ஒரு ரப்பர் தோட்டத்திலும் பன்றித் தொல்லை என்றும், சொந்தத் துவக்கோடு வருபவருக்கு மேற்பார்வை வேலை உண்டு என்றும் அங்கிருந்த மச்சான் எழுதினார். ஊரில் வருமானம் சுருங்கியிருந்த நானா உடனே சம்மதித்தார்.

கடதாசி வேலை எல்லாம் என் பொறுப்பு. கண்டிப் பக்கத்து முஸ்லிம்களான எங்களுக்குச் சொந்தப் பெயருக்கு முன்னால் ‘கெதர’ என்று முடியும் சிங்கள வீட்டுப் பெயர் ஒன்று உண்டு. பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் அதை நான் எழுதவில்லை.

“வீட்டுப் பேர் போடல்லயா?” என்று நானா கேட்டார்.

“அது இங்கக்கி மட்டுந்தான் நானா. அங்க உள்ளவங்க உங்கள முஸ்லிமெண்டே நம்ப மாட்டாங்க.”

அவர் சிரித்தார். வாப்பாவின் பெயரைச் சேர்த்துப் புதிய கையெழுத்து ஒன்றை நானே உருவாக்கி, பழைய கொப்பி ஒன்றில் அவரைப் பழக்கினேன். பன்றிக்குக் குறிவைப்பதை விட இது கஷ்டம் என்று சொல்லிக்கொண்டே இரண்டு பக்கம் எழுதினார்.

கப்பலுக்கு ஒன்பது நாள் இருக்கையில், துவக்கை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக உத்தரவு வாங்கக் கச்சேரிக்குப் போனோம். யாழ்ப்பாணத்துக் கிளார்க் ஒருவர் இரண்டு கடதாசிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். துவக்கு அனுமதிப்பத்திரத்தில் வீட்டுப் பெயர் முழுதாக இருந்தது.

“தம்பி, இதில ரெண்டு ஆக்களெல்லே இருக்கினம்,” என்றார் என்னிடம். “துவக்குக்காரர் ஒராள். கப்பலேறுறவர் வேற ஆள்.”

நானா என் முகத்தைப் பார்க்கவில்லை. அது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

மறுநாளே ஆராச்சியாரிடம் ஓடினேன். இருவரும் ஒருவரே என்று அவர் சந்தோஷமாக எழுதிக் கொடுத்தார். கிளார்க் அதை மரியாதையோடு வாசித்தார். ஊருக்குள் இது போதும், துறைமுகத்தில் பாஸ்போர்ட்டைத்தான் பார்ப்பார்கள் என்றார். அதைத் திருத்தக் கொழும்புக்கு அனுப்பினால் கப்பல் போய்விடும். அனுமதிப்பத்திரத்தில் பெயரை மாற்றவும் அவ்வளவு நாள் பிடிக்குமாம். சொந்தக்காரர் இல்லாமல் துவக்கைத் தனியே அனுப்பவும் முடியாது. அனுமதிப்பத்திரம் இல்லாத நான் வீட்டில் வைத்திருக்கவும் கூடாது. ஆகவே நானா அதைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பழைய சாரத் துணியில் சுற்றிக் கச்சேரியில் ஒப்படைத்தார். பற்றுச்சீட்டை என் கையில் தந்தார்.

“பொறகு எடுக்கலாம்,” என்றார். என்னைத் தேற்றத்தான் சொன்னார் என்று நினைக்கிறேன்.

ஆகஸ்டில் முதல் கடிதம் வந்தது. மேற்பார்வை வேலையைத் துவக்கோடு வந்த வேறொருவருக்குக் கொடுத்துவிட்டார்களாம். நானா ரப்பர் பால் நிறுக்கும் கொட்டிலில் நிற்கிறார். குறை எதுவும் எழுதவில்லை. கடைசியில் ஒரு வரி மட்டும்: “கண்டியில இப்ப மழையா ஈக்கும். துவக்குக்கு எண்ணெ போட ஏலுமா எண்டு கேட்டுப் பாரு.”

பற்றுச்சீட்டையும் அந்தக் கடிதத்தையும் எடுத்துக்கொண்டு வியாழக்கிழமை காலை கண்டிக்குப் போனேன். அதே கிளார்க்தான். சொந்தக்காரர் எழுத்தில் கேட்டால் செய்யலாம் என்றார். நிம்மதியோடு கடிதத்தை நீட்டினேன். அவர் பதிவுப் புத்தகத்தைத் திறந்தார். அதிலிருந்த பெயரில் விரலை வைத்துக்கொண்டு, கடிதத்தின் அடியைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

கீழே இருந்தது நான் பழக்கிய கையெழுத்து. ஓர் எழுத்துக்கூடப் பிசகாமல், மிக அழகாகப் போட்டிருந்தார்.